ஆசியும் பேறும்: பாலக்காடு, இடுக்கி எல்லைத் தமிழர் வழக்கை முன்வைத்து ஒரு திறனாய்வு

முன்னுரை

கிறித்தவ மறைநூலில் ஆசி வழங்குதல், ஆசி பெற்றிருத்தல் ஆகிய இரண்டும் ஒரே செயலின் இரு முனைகள்போலத் தோன்றும். ஒருவர் வழங்க மற்றவர் பெறுகிறார் என்பதே பொதுவான எண்ணம். மூலமொழிகளை நோக்கின் இங்கு இரு வேறு கருத்துகள் இருப்பது புலனாகும். ஆசி வழங்குதலை எபிரேயம் 'பாராக்' என்னும் வினையாலும், பேறுடைய நிலையை 'அஷ்ரே' என்னும் சொல்லாலும் குறிக்கிறது. கிரேக்கத்தில் முன்னது 'எவுலோகியா', பின்னது 'மக்காரியோஸ்'. 'பாராக்' இறைவனுக்கும் மனிதர்க்கும் உரியது. 'அஷ்ரே' எபிரேய மறைநூலில் மனிதர்க்கு மட்டுமே ஆளப்படுகிறது. ஆங்கில மொழிபெயர்ப்புகள் பலவும் இவ்விரண்டையும் 'பிளெஸ்டு' என்னும் ஒரே சொல்லுக்குள் அடக்கிவிட்டன.

தமிழ் இவ்வேறுபாட்டைக் காத்துள்ளது. 1871-இல் வெளிவந்த ஐக்கிய மொழிபெயர்ப்பு முன்னதற்கு 'ஆசீர்வாதம்' என்றும் பின்னதற்குப் 'பாக்கியம்' என்றும் சொற்களை அமைத்தது. 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம் அவற்றை முறையே 'ஆசி' என்றும் 'பேறு' என்றும் மாற்றியது. சொல் மாறினும் பாகுபாடு நிலைத்தது. எனினும் வழிபாட்டு வழக்கில் இப்பாகுபாடு மங்கி வருகிறது. பொருள்வளமே ஆசி எனவும், அவ்வளம் பெற்றவரே பேறுபெற்றவர் எனவும் கொள்ளும் போக்கு வலுப்பெற்றுள்ளது. இம்மயக்கத்தின் தன்மையைச் சொற்பொருள் நோக்கிலும் இலக்கண நோக்கிலும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். தமிழும் மலையாளமும் அருகருகே வழங்கும் பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதிகள் இவ்வாய்வுக்குக் களமாகின்றன.

களத்தின் இயல்பு

1956 நவம்பர் 1-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது கொச்சி நாட்டைச் சேர்ந்திருந்த சித்தூர் வட்டமும், திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த தேவிகுளம், பீர்மேடு வட்டங்களும் கேரளத்தில் அமைந்தன. தேவிகுளம், பீர்மேடு வட்டங்களைத் தமிழகத்தோடு இணைக்க வேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசு கோரியது, அக்கோரிக்கை ஏற்கப்படவில்லை. சித்தூர் வட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி முதலிய ஊர்களிலும், இடுக்கி மாவட்டத்தின் மூணாறு, வண்டிப்பெரியாறு முதலிய தேயிலைப் பகுதிகளிலும் தமிழ் இன்றும் வீட்டுமொழியாகவும் வழிபாட்டுமொழியாகவும் உள்ளது.

இரு பகுதிகளின் வாழ்க்கை ஒன்றன்று. சித்தூரின் கிழக்குப் பகுதி மழை குறைந்த வேளாண் நிலம். கிணற்று நீரையும் வாய்க்கால் நீரையும் நம்பி வாழ்வது. மூணாறு, பீர்மேடு மலைகள் மழை மிகுந்தவை. அங்கு வாழும் தமிழர் பலர் தோட்டத் தொழிலுக்காகத் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்டோரின் வழியினர். முன்னவர்க்கு நிலம் உண்டு, நீர் அரிது. பின்னவர்க்கு நீர் உண்டு, நிலம் இல்லை. ஆசி என்னும் சொல் இவ்விரு சாராரிடத்தும் ஒரே பொருளைத் தர இயலாது என்பது தெளிவு.

திருச்சபை அமைப்பிலும் எல்லை நிலை வெளிப்படுகிறது. அந்நாளில் மறைமாவட்டங்களாயிருந்த கோயம்புத்தூர், கோழிக்கோடு ஆகியவற்றின் பகுதிகளைப் பிரித்து 2013 டிசம்பர் 28-இல் பாலக்காட்டின் சுல்தான்பேட்டையைத் தலைமையிடமாகக் கொண்ட இலத்தீன் மறைமாவட்டம் நிறுவப்பட்டது. இடுக்கி மலைகளின் இலத்தீன் கத்தோலிக்கர் 1930-இல் நிறுவப்பட்ட விஜயபுரம் மறைமாவட்டத்தைச் சார்ந்தவர்கள். மூணாற்றின் கார்மேல் அன்னை ஆலயமும், தென்னிந்தியத் திருச்சபையின் கிறிஸ்து ஆலயமும் ஒரு நூற்றாண்டைக் கடந்த பங்குகள். கிறிஸ்து ஆலயம் எழுவதற்கு முன்பே, 1894-இல் இறந்த ஓர் ஆங்கிலப் பெண்மணியின் கல்லறை அக்குன்றில் அமைந்துவிட்டது என்பதும் குறிப்பிடத்தக்கது.

ஆசீர்வாதம், வாழ்த்து, மந்திரிப்பு

'ஆசீர்வாதம்' என்னும் வடசொல் விருப்பத்தைக் குறிக்கும் 'ஆசிஸ்' என்பதும் சொல்லுதலைக் குறிக்கும் 'வாதம்' என்பதும் இணைந்தது. கிரேக்க 'எவுலோகியா', இலத்தீன் 'பெனெதிக்சியோ' ஆகிய இரண்டும் 'நற்சொல்' என்னும் பொருளன. ஆகவே ஆசீர்வாதம் என்னும் சொல் மூலத்தின் அமைப்பையே கொண்டுள்ளது எனலாம். 'ஆசி' எனச் சுருங்கும்போது சொல்லுதற் கூறு மறைந்து, கொடுக்கத்தக்க ஒரு பொருள் என்னும் தோற்றம் எழுகிறது. 'ஆசி வழங்கு', 'ஆசி பெறு' என்னும் தொடர்கள் இத்தோற்றத்தை மிகுவிக்கின்றன. மொழித்தூய்மை நோக்கில் செய்யப்பட்ட இம்மாற்றம் பொருள் நோக்கில் சிறிது இழப்பையும் தந்துள்ளது.

இவ்விடத்தில் 'வாழ்த்து' என்னும் தமிழ்ச்சொல் கருதத்தக்கது. தாழ் என்பது தாழ்த்து எனவும், வீழ் என்பது வீழ்த்து எனவும் பிறவினையாவதுபோல வாழ் என்பது வாழ்த்து என நின்றது. வாழச் செய்தல் என்பதே இதன் அடிப்படைப் பொருள். சொல்லே வாழ்விக்கும் என்னும் நம்பிக்கை இச்சொல்லின் அமைப்பிலேயே அமைந்துள்ளது. தொடக்கநூலில் ஈசாக்கு தன் மூத்த மகனென எண்ணி யாக்கோபுக்குக் கூறிய ஆசியைப் பின்னர்த் திரும்பப் பெற இயலாது தவிப்பது, சொல் செயலாகிவிட்டது என்னும் இந்நம்பிக்கையை விளக்கும். ஆயினும் இரு மொழிபெயர்ப்புகளும் 'வாழ்த்து' என்பதை இக்கருத்துக்குத் தலைமைச் சொல்லாகக் கொள்ளவில்லை. அன்றாட வழக்கில் அது நலம்பாராட்டும் அளவில் தேய்ந்துவிட்டமை காரணமாகலாம். மலையாளக் கத்தோலிக்கரோ அருளாளர் நிலைக்கு உயர்த்தப்பட்டவரை 'வாழ்த்தப்பெட்டவர்' என்கின்றனர். தமிழில் அந்நிலைக்கு 'முத்திப்பேறு பெற்றவர்' என்னும் வழக்கு உண்டு. 2012-இல் தேவசகாயம் பிள்ளை அந்நிலைக்கு உயர்த்தப்பட்டபோது தமிழ்த் திருச்சபை இத்தொடரை ஆண்டது. ஒரே நிலையை மலையாளம் வாழ்த்தின் வழியாகவும் தமிழ் பேற்றின் வழியாகவும் காண்கின்றன.

பொருள்களுக்கும் வீடுகளுக்கும் ஆசி வழங்குதலைத் தமிழ்க் கத்தோலிக்கர் 'மந்திரித்தல்' என்பர். மந்திரித்த எண்ணெய், மந்திரித்த உப்பு, வீடு மந்திரிப்பு என்பன இயல்பான வழக்குகள். இதே சடங்கை மலையாளக் கத்தோலிக்கர் 'வெஞ்சரிப்பு' என்பர். இது போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து பிறந்தது. எல்லை ஊர்களில் ஒரே சடங்கை அண்டை வீட்டார் இருவர் இவ்விரு பெயர்களாலும் சுட்டக்கூடும். போர்த்துக்கீசியச் சொல் மலையாளியின் செவியில் சமயச் சடங்கை மட்டும் உணர்த்தும். 'மந்திரித்தல்' தமிழர் செவியில் கயிறு மந்திரித்தல், திருநீறு மந்திரித்தல் முதலிய நாட்டார் வழக்குகளையும் உடன் எழுப்பும். 1984-இல் உரோமையில் வெளியிடப்பட்ட ஆசியுரைச் சடங்கு நூல், ஆசியை முதற்கண் இறைவனைப் போற்றுதலாகவும் இறைவார்த்தையைக் கேட்டலாகவும் அமைத்தது. இந்நோக்கில் 'மந்திரித்தல்' குறையுடைய சொல் என்போர் உண்டு. எனினும் நோயும் அச்சமும் சூழ்ந்த வாழ்வில் ஆசி உடலையும் வீட்டையும் தொட வேண்டும் என்னும் மக்களின் வேட்கையை அச்சொல்லே தாங்கி நிற்கிறது. அதனை விலக்குவதினும் விளக்குவதே தக்கது.

மற்றொரு வேறுபாடும் நோக்கத்தக்கது. எபிரேயத்தில் இறைவன் மனிதனுக்கு ஆசி வழங்குவதும் மனிதன் இறைவனைப் போற்றுவதும் 'பாராக்' என்னும் ஒரே வினையால் குறிக்கப்படுகின்றன. தமிழில் கீழ்நோக்கிய செயல் ஆசீர்வாதம். மேல்நோக்கிய செயல் தோத்திரம் அல்லது போற்றுதல். பழைய கத்தோலிக்க வழக்கில் மக்கள் குருவைக் கண்டு 'தோத்திரம்' என்பதும் குரு 'ஆசீர்வாதம்' என மறுமொழி கூறுவதும் இவ்விரு திசைகளையும் ஒரு சந்திப்பில் இணைத்தன. மூலத்தில் ஒரு சொல்லாக இருந்தது தமிழில் இருவர் உரையாடலாக மலர்ந்தது எனலாம்.

பாக்கியமும் பேறும்

மலைப்பொழிவின் தொடக்கத்தில் வரும் 'மக்காரியோஸ்' என்பதற்கு ஐக்கிய மொழிபெயர்ப்பு 'பாக்கியவான்கள்' என்னும் சொல்லைக் கொண்டது. மலையாளத்தின் சத்தியவேதபுஸ்தகமும் (1910), பி.ஓ.சி. விவிலியமும் (1981) 'பாக்யவான்மார்' என்றே கூறுகின்றன. எனவே பள்ளியில் மலையாளமும் வீட்டில் தமிழும் பயிலும் எல்லைச் சிறுவனுக்குப் பழைய தமிழ்ச்சொல் இரு மொழிக்கும் பாலமாகிறது. பாக்கியம், பாக்கியநாதன் என்னும் மக்கட்பெயர்களும் அச்சொல்லின் வேரூன்றிய தன்மையைக் காட்டும்.

ஆயினும் பாக்கியம் என்பது 'பங்கிடு' என்னும் பொருளுடைய வடமொழி வேரடியாகப் பிறந்தது. பாகம் என்பதும் அதன் இனமே. ஒருவர்க்கு வகுக்கப்பட்ட பங்கு என்பதிலிருந்து ஊழ் என்னும் பொருள் அதற்கு வாய்த்தது. தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்த ஒருவரிடம் ஏழைகள் பாக்கியவான்கள் எனின், வறுமையே உனக்கு விதித்த பங்கு எனக் கேட்கும் வாய்ப்பு உண்டு. கிறித்துவின் கூற்றுக்கு இது நேர்மாறானது.

'பேறு' என்பது 'பெறு' என்னும் வினையடியாகப் பிறந்த தொழிற்பெயர். பெறுதல் எனின் கொடுப்பார் ஒருவர் உண்டு என்பது பெறப்படும். ஊழின் நிழல் இச்சொல்லில் குறைவு. கொடையின் ஒளி மிகுதி. வீடுபேறு, முத்திப்பேறு என்னும் மெய்யியல் வழக்குகளும் இதற்குத் துணையாகின்றன. ஆகவே திருவிவிலியத்தின் தேர்வு பொருளளவில் சிறந்தது என்பதில் ஐயமில்லை.

எல்லைப் பகுதியில் இச்சொல்லுக்கு ஓர் இடர் உண்டு. மலையாளத்தில் 'பேறு' என்பது மகப்பேற்றையே முதன்மையாகக் குறிக்கும். 'பேற்றுநோவு' என்பது அங்கு இயல்பான வழக்கு. தமிழிலும் பேறுகாலம், மகப்பேறு என்பன உள்ளன. திருக்குறளின் ஏழாம் அதிகாரம் மக்கட்பேறு எனப் பெயர் பெறுகிறது. எனவே 'பேறுபெற்றோர்' என்பது எல்லைச் செவியில் முதலில் தாய்மையை உணர்த்தக்கூடும். இதனை வெறும் இடராகக் கருத வேண்டியதில்லை. லூக்கா நற்செய்தியின் 11-ஆம் அதிகாரத்தில் கூட்டத்திலிருந்து ஒரு பெண் இயேசுவைச் சுமந்த வயிற்றைப் போற்றுகிறார். இயேசுவோ இறைவார்த்தையைக் கேட்டுக் கடைப்பிடிப்போர்க்கே அப்பேறு உரியது என விடையிறுக்கிறார். மகப்பேற்றிலிருந்து இறைப்பேற்றுக்குப் பொருள் பெயரும் இந்நிகழ்வைப் 'பேறு' என்னும் தமிழ்ச்சொல் விளக்கும் அளவுக்குப் 'பாக்கியம்' விளக்காது. இதே நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் எலிசபெத்து மரியாவை நோக்கி ஆசி பெற்றவர் என்றும் பேறுபெற்றவர் என்றும் இரு சொற்களாலும் போற்றுவது இவ்விரு கருத்துகளின் உறவை உணர்த்தும். மரியா ஆசி பெற்றவராவது அவர் தாங்கிய கனியால். பேறுபெற்றவராவது அவர் கொண்ட நம்பிக்கையால்.

இருவகை வாழ்த்து

ஆசிக்கும் பேற்றுக்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழ் இலக்கணம் மேலும் தெளிவாக்குகிறது. ஆசி வியங்கோளில் அமைவது. வாழ்த்தல், வைதல், வேண்டல், விதித்தல் ஆகியவற்றை வியங்கோளின் பொருள்களாக இலக்கணத்தார் கூறுவர். எண்ணிக்கை நூலின் 6-ஆம் அதிகாரத்தில் குருக்கள் கூறும் மூவடி ஆசி இவ்வகையினது. எபிரேயத்தில் அது 3, 5, 7 சொற்களாக அடிதோறும் வளர்ந்து செல்லும். ஐக்கிய மொழிபெயர்ப்பு அதனைக் 'கடவர்' என்னும் ஈற்றாலும், திருவிவிலியம் 'ஆக' என்னும் ஈற்றாலும் வியங்கோளாக்கின. இணைச்சட்ட நூலின் 28-ஆம் அதிகாரம் வாழ்த்தலையும் வைதலையும் அடுத்தடுத்து வைப்பது மேற்கூறிய இலக்கணப் பகுப்புக்கு எடுத்துக்காட்டாகத் தக்கது.

மலைப்பொழிவின் கூற்றுகள் வியங்கோள் அல்ல. கிரேக்க மூலத்தின் தலைத்தொடர்களுள் பெரும்பாலானவற்றில் வினைச்சொல் இல்லை. பெயர்ப்பயனிலை கொண்டு முடியும் தமிழ்த் தொடர்க்கு இது முற்றிலும் ஒக்கும். அங்கு இயேசு எதனையும் வேண்டவோ விதிக்கவோ இல்லை. உள்ள ஒரு நிலையை அறிவிக்கிறார். உலகோர் கண்ணுக்குப் புலப்படாத நிலை அது.

இவ்விரண்டுக்கும் நிகரான வகைகள் தொல்காப்பியச் செய்யுளியலில் காணப்படுகின்றன. வழிபடும் தெய்வம் காக்கக் குற்றமற்ற செல்வத்தோடு வழிவழி சிறந்து பொலிக என வாழ்த்துவது புறநிலை வாழ்த்து. தெய்வக் காவல், செல்வம், வழித்தோன்றல் என்னும் மூன்றும் இதில் அமைகின்றன. ஆபிரகாமுக்கு அளிக்கப்பட்ட ஆசியின் கூறுகளும் இவற்றை ஒத்தவையே. 'பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க' என்னும் வழக்கும் இவ்வகைப்பட்டதே. வேம்பும் கடுவும்போல முதலில் கைத்துப் பின்னர்ப் பெரும்பயன் தரும் சொல்லால் ஓம்புவது வாயுறை வாழ்த்து. திருக்குறளுக்கும் இப்பெயர் வழங்குகிறது. துயருறுவோரையும் ஏழையரையும் துன்புறுத்தப்படுவோரையும் பேறுபெற்றோர் என்னும் மலைப்பொழிவு கேட்டவுடன் கைக்கும். ஏற்று நடப்பார்க்குப் பின்னர்ப் பயக்கும். அதனை வாயுறை வாழ்த்தாகக் கொள்வது பொருந்தும் என்பது இக்கட்டுரையின் கருத்து.

இன்றைய மயக்கத்தின் காரணமும் இதனால் விளங்கும். புத்தாண்டு நள்ளிரவு வழிபாட்டில் ஒவ்வொருவரும் வாக்குத்தத்த அட்டை ஒன்றைப் பெறும் வழக்கம் சீர்திருத்தத் திருச்சபைகளில் பரவலாக உண்டு. ஆபிரகாமுக்கோ இசுரயேலுக்கோ ஒரு குறிப்பிட்ட சூழலில் உரைக்கப்பட்ட வாக்கு, அட்டையைப் பெறுபவரின் அவ்வாண்டு வருவாய்க்குரிய உறுதியாகக் கொள்ளப்படும்போது இடம் மாறுகிறது. வேண்டலாக நிற்க வேண்டியது எதிர்கால முற்றாகிவிடுகிறது. உறுதி பொய்த்தால் பெற்றவர் நம்பிக்கையில் குறை காணப்படுகிறது; வாயுறை வாழ்த்துக்கு அங்கு இடமே இல்லாமற் போகிறது.

கூடையும் நிலமும்

இப்பகுப்பை எல்லை மக்களின் வாழ்வில் வைத்துப் பார்த்தல் இன்றியமையாதது. இணைச்சட்ட நூல் வயலுக்கும் கால்நடைக்கும் கூடைக்கும் மாப்பிசையும் தொட்டிக்கும் ஆசி கூறுகிறது. சித்தூர் வேளாண் குடும்பத்துக்கு இவ்வாசி நேரே பொருந்தும். கிணறு ஊறுவதும் பயிர் விளைவதும் ஆடுமாடு பெருகுவதும் அங்கு ஆசியின் கண்கூடான வடிவங்கள். அதனை உலகியல் ஆசை எனத் தள்ளுவது மறைநூலுக்கே முரண்.

தேயிலைத் தோட்டத்தில் இதே ஆசி சிக்கலுக்குள்ளாகிறது. மறைநூல் வாழ்த்தும் கூடை தன் நிலத்தின் விளைவைத் தானே சுமப்பவரின் கூடை. கொழுந்துக்கூடை நிரம்பினாலும் விளைவு பறித்தவர்க்கு உரியதன்று. எடைக்கேற்ற கூலியே அவர்க்கு உரியது. தோட்ட லயங்களில் வாழும் தொழிலாளர் பணி ஓய்வு பெறும்போது வீட்டை விட்டு நீங்க நேர்கிறது. ஆபிரகாமுக்கு வாக்களிக்கப்பட்ட மூன்றில் வழித்தோன்றல் இவர்க்கு உண்டு. இறைத்துணை உண்டு என நம்புகின்றனர். நிலம் மட்டும் இல்லை. புறநிலை வாழ்த்து இவரிடத்தில் நிறைவுறாது நிற்கிறது.

இந்நிலையில் 'ஏழையர் பேறுபெற்றோர்' என்பதை ஆறுதலாக மட்டும் கூறுவது அநீதிக்குத் துணைபோவதாகும். லூக்கா நற்செய்தி இதனைத் தடுக்கிறது. அங்கு நான்கு பேறுகளை அடுத்து நான்கு 'ஐயோ'க்கள் செல்வரை நோக்கி எழுகின்றன. ஐக்கிய மொழிபெயர்ப்பு மத்தேயுவில் 'எளிமையுள்ளவர்கள்' என்றும் லூக்காவில் 'தரித்திரர்' என்றும் கூறி வறுமையின் இரு நிலைகளையும் பிரித்துக் காட்டியது பாராட்டுக்குரியது. நீதியை நாடுவோரைப் பற்றிய கூற்றில் அது ஆண்ட 'பசிதாகம்' என்னும் சொல்லும் அத்தகையது. திருவிவிலியம் அவ்விடத்தில் 'வேட்கை' என்றது. வேட்கை செம்மையான சொல்லே; ஆயினும் மூலத்திலுள்ள பசியும் தாகமும் உடலின் தேவைகள். 2015 செப்டம்பரில் மிகைஊதியமும் கூலி உயர்வும் கேட்டு மூணாற்றுப் பெண் தொழிலாளர் 'பெம்பிளை ஒருமை' என்னும் பெயரில் திரண்டபோது வெளிப்பட்டது இவ்விரண்டும் பிரிக்கவொண்ணாத நிலை. அவ்வெழுச்சி சமயம் சார்ந்ததன்று. எனினும் நீதியின்பால் பசிதாகம் என்னும் தொடரின் பொருளை அதைவிடத் தெளிவாக விளக்கும் உரை அரிது.

துயருறுவோர் பற்றிய கூற்றுக்கும் இம்மலையே உரைகல். 2020 ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவில் மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் ஏற்பட்ட நிலச்சரிவில் லயங்கள் புதையுண்டு 70 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் தமிழ்த் தோட்டத் தொழிலாளரும் அவர்தம் குடும்பத்தாரும் ஆவர். அத்துயரின்முன் பேறு என்பதை மகிழ்ச்சி எனவோ நற்காலம் எனவோ பொருள்கொள்ள எவரும் துணியார். துயருறுவோர் ஆறுதல் பெறுவர் என்னும் வாக்கில் வரும் ஆறுதல் எதிர்காலத்தது. அவர்களைக் கைவிடாமை நிகழ்காலத்தது. அழுவாரோடு உடனிருப்பவர் இல்லாவிடின் அவ்வறிவிப்பு வெற்றுரையாகும். பேறு என்னும் அறிவிப்பு, கேட்போர் சமூகத்தின்மேல் கடமையொன்றைச் சுமத்துகிறது என்பது இதனால் பெறப்படும்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பின்வருவன பெறப்படுகின்றன. ஆசியும் பேறும் வேறு. ஆசி வியங்கோளில் நிற்கும் வேண்டல். பேறு பெயர்ப்பயனிலையில் நிற்கும் அறிவிப்பு. தொல்காப்பியம் கூறும் புறநிலை வாழ்த்தும் வாயுறை வாழ்த்தும் முறையே இவற்றை விளங்கிக்கொள்ளத் தமிழ்மரபு அளிக்கும் வாயில்கள். வேண்டலை உறுதியாகவும், அறிவிப்பை ஆறுதலாகவும் திரித்துக்கொள்வதாலேயே இன்றைய மயக்கம் எழுகிறது.

சொல்லாட்சியைப் பொறுத்தவரை 'ஆசி' என்பதினும் 'ஆசீர்வாதம்' சொல்லுதற் கூற்றைக் காப்பதால் சிறப்புடையது. 'பாக்கியம்' என்பதினும் 'பேறு' கொடைப்பொருளைத் தருவதால் சிறப்புடையது. எனவே பழமை, புதுமை என்னும் அடிப்படையில் ஒரு மொழிபெயர்ப்பை முழுதும் ஏற்று மற்றதை முழுதும் தள்ளுதல் முறையன்று. எல்லைப் பகுதிப் பங்குகளில் பேறு என்னும் சொல்லை மறையுரையிலும் மறைக்கல்வியிலும் அதன் மகப்பேற்றுப் பொருளோடு சேர்த்தே விளக்குதல் பயன்தரும்.

நீர் அரிதான நிலத்திலும் நிலம் இல்லாத மலையிலும் ஒரே சொல் வழங்குகிறது. முன்னவர்க்கு அது மழையை வேண்டும் வாழ்த்து. பின்னவர்க்கு மறுக்கப்பட்ட பங்கை நினைவூட்டும் வாழ்த்து. இவ்விரு பொருளையும் தாங்கவல்ல சொற்கள் தமிழில் உள்ளன. அவற்றை வேறுபாடு அறிந்து ஆளுதல் விவிலிய மொழிபெயர்ப்பாளர்க்கும் தமிழாய்வாளர்க்கும் பொதுவான கடமையாகும்.